நிற்கத் தெரியாத வண்டி

மோட்டார் வண்டி ஓடாமற் போனால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. யந்திரமாய்ப் பிறந்தது என்றைக்காவது ஒரு நாள் மக்கர் செய்யத்தான் செய்யும். ஆனால் ஓடுகிற வரையில் பந்தயக் குதிரையைப் போல் ஓடிவிட்டு, நிற்க வேண்டிய இடம் வந்ததும் உடம்பெல்லாம் நடுங்கி, இரண்டு தடவை இருமி, பிராணனை விட்டுவிடுகிற வண்டி ஒன்றைச் சென்ற மாதம் கலவையில் கண்டோம். வண்டி ஓடுவதைக் காட்டிலும் சும்மா நிற்பது அதற்குக் கடினமான காரியம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டோம். மனிதர்களுக்கும் அப்படித்தான் என்று தத்துவம் பேச ஆசையாயிருக்கிறது. நேயர்களின் நன்மையை உத்தேசித்து அதை விட்டு விஷயத்துக்கு வருவோம்.

கலவை, ஆற்காட்டிலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தூரத்தில் உள்ள சிற்றூர். 1907-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், பதின்மூன்று வயது கூட நிரம்பாத ஒரு சிறுவர் இவ்வூரிலேதான் துறவு பூண்டு காஞ்சி காமகோடி பீடத்தின் அறுபத்தெட்டாவது ஆசாரியரானார். அந்தக் காரணத்தால் இந்த ஊரின் பெயர் தூர தேசங்களிலும் தெரியும். 2019-ம் வருஷத்தில் வேலூர் ஜில்லாவைப் பிரித்தபோது இது ராணிப்பேட்டை ஜில்லாவைச் சேர்ந்தது. சுற்றிலும் நெல்லும் வேர்க்கடலையும் விளைந்தாலும், ஊர் வாலிபர்களில் பலருக்குச் சம்பளம் வருவது தோலிலிருந்துதான். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் பதனிடும் சாலைகளும் பாதரட்சைத் தொழிற்சாலைகளும் அவர்களுக்குச் சோறு போடுகின்றன.

நம் தமக்கையார் கலவையில் வசிக்கிறார். அவருக்கு இருதயத்தில் கொஞ்சம் கோளாறு. மாதம் இருமுறை வேலூருக்குப் போய் வைத்தியரைப் பார்க்க வேண்டும். பாதரட்சைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதும் அவருடைய மகன், தாயார் பஸ்ஸில் இடிபடக் கூடாது என்பதற்காகவே கடனுக்குப் பழைய சிறிய கார் ஒன்றை வாங்கினான். அதுவரையில் அவன் செய்த காரியம் யாவரும் மெச்சத்தக்கது.

அதற்குப் பிறகு அவன் செய்த காரியத்தை அவ்வளவு தூரம் மெச்சுவதற்கில்லை. நண்பர்கள் நாலு பேர் வண்டியைப் பார்த்து, "இதென்ன, தையல் மிஷின் மாதிரி சத்தம்?" என்று சொல்லிவிட்டார்கள். உடனே வேறோர் ஊரில் உள்ள கடைக்கு வண்டி போயிற்று. கறுப்புப் பெட்டிக்குள் அடங்கியிருந்த காற்று வடிகட்டியை எடுத்துவிட்டு, எண்ணெய் பூசிய கூம்பு வடிவமான வடிகட்டி ஒன்றைப் பளபளக்கும் குழாயுடன் மாட்டினார்கள். பின்புறத்துச் சைலன்ஸருக்குப் பதிலாகப் பெருத்த வாயுள்ள குழாய் ஒன்றும் வந்தது. மொத்தச் செலவு இருபத்தெட்டாயிரம் ரூபாய். வண்டி இப்போது தெருக்கோடியில் திரும்பும்போதே வீட்டில் பாத்திரங்கள் அதிர்ந்தன. மருமகனுக்குப் பரம திருப்தி.

திருப்தி நாலு நாள்கூட நீடிக்கவில்லை. நியூட்ரலில் விட்டால் என்ஜின் ஒரு நிலையில் நில்லாமல் ஏறி இறங்கிற்று. ஏர்கண்டிஷனரைப் போட்டால் வண்டி முழுவதும் உதறிற்று. வேகத்தைக் குறைத்து நிறுத்தப் போனால் அணைந்தது. பெட்ரோல் போடும் இடத்தில் இருந்த ஒருவர், "ஐடிலிங் கம்மியாயிருக்கிறது" என்று சொல்லி, ஒரு திருகாணியைத் திருகிவிட்டார். இரண்டு நாள் சரியாயிருந்தது போல் தோன்றிற்று. பிறகு பழைய குருடி கதவைத் திறடி என்று ஆயிற்று.

சென்ற மாதம் ஒரு சாயங்காலம் வேலூரிலிருந்து திரும்பும்போது நாமும் அந்த வண்டியில் இருந்தோம். ஆற்காட்டில் ஜன நெரிசலான ஒரு சந்திப்பில் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். என்ஜின் அணைந்தது. அணைந்த வண்டி சும்மா நிற்கவில்லை; சரிவில் உருண்டுகொண்டே போயிற்று. பதற்றத்தில் பிரேக்கை இரண்டு மூன்று தடவை மிதித்தான். நாலாம் தடவை பெடல் கல்லைப் போல் இறுகிவிட்டது. ஸ்டியரிங்கும் கனத்துவிட்டது. பலங்கொண்ட மட்டும் மிதித்து, முன்னால் நின்ற பஸ்ஸுக்கு ஒரு முழ தூரத்தில் வண்டியை நிறுத்தினான். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனை அடித்துக்கொண்டே தம் வண்டியைத் திருப்பிச் சென்றார். அவருடைய கைத்திறமையை நாம் ஆயுள் உள்ளளவும் மறக்க முடியாது.

தமக்கையார் பின் ஆசனத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீடு வந்து சேரும் வரையில் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது மாத்திரம், "அடுத்த தடவை நான் பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேனடா, அப்பா. உனக்கு எதற்குச் சிரமம்?" என்றார். கோபித்துக்கொண்டிருந்தால் பையன் எதிர்த்துப் பேசியிருப்பான். இதற்கு அவனால் பதில் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலையில் ஊருக்குள்ளேயே இருக்கிற ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டு போனோம். பட்டறையின் சொந்தக்காரரை எல்லாரும் 'பாய்' என்று அழைக்கிறார்கள். வயது எழுபதை நெருங்கும். அவருடைய பாட்டனார் யுத்த காலத்தில் கரி பஸ்ஸில் கிளீனராயிருந்தவராம்.

பாய் ஸ்பானரை எடுக்கவேயில்லை. முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார். "எப்போதிலிருந்து இப்படி? என்னென்ன மாற்றினீர்கள், தம்பி? எதை முதலில் மாற்றினீர்கள்? காலையில் சில்லென்று இருக்கும்போது அணைகிறதா, சூடேறிய பிறகா? ஓடும்போது இழுவை குறைகிறதா?"

"ஓடும்போது ஒன்றுமில்லை, பாய். நிற்கும்போதுதான். வடிகட்டியையும் சைலன்ஸரையும் ஒரே நாளில் மாற்றினேன். அந்தச் சைலன்ஸர்தான் காரணம் என்று எல்லாரும் சொல்கிறார்கள்" என்றான் மருமகன்.

"ஒரே நாளில் இரண்டை மாற்றினால் எது கெடுத்தது என்று எப்படித் தெரியும்? நீங்களே குற்றவாளியைக் கூட்டத்தில் ஒளித்து வைத்துவிட்டீர்களே!" என்றார் பாய்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்குப் பொன்னாடை போர்த்தலாம் என்று நமக்குத் தோன்றிற்று. வைத்தியமானாலும், சமையலானாலும், தேசத்துச் சட்டமானாலும் ஒரு மாறுதலைச் செய்து அதன் பலனைப் பார்த்த பிறகே அடுத்ததைச் செய்ய வேண்டும். நாம் அப்படிச் செய்வது வெகு அபூர்வம்.

நேயர்களுக்கு இங்கே சிறிது யந்திர சாஸ்திரம் சொல்லியாக வேண்டும். பெட்ரோல் என்ஜினுக்கு ஆகாரம் இரண்டு: காற்று, பெட்ரோல். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று இருந்தால் இரண்டும் மிச்சமின்றி எரியும். பழைய வண்டிகளில் இந்தக் கலவையைச் செய்தது கார்ப்பரேட்டர். கலவை என்ற ஊரிலே கலவையின் கோளாற்றைப் பற்றி விசாரணை நடந்தது தற்செயல்தான். நாம் சிலேடைக்காக ஊரைத் தேர்ந்தெடுக்கவில்லை. இக்காலத்து வண்டிகளில் அந்த வேலையை ஒரு சிறிய மின்சார மூளை செய்கிறது. எங்கள் வண்டியில், வடிகட்டிக்கு அடுத்தாற்போல் ஒரு மெல்லிய சூடான கம்பி இருக்கிறது. உள்ளே போகும் காற்று அதைக் குளிர்விக்கும் அளவைக்கொண்டு எவ்வளவு காற்று போயிற்று என்று அந்த மூளை கணக்கிட்டு, அதற்குத் தக்கபடி பெட்ரோலை அளந்து விடுகிறது.

வண்டி ஓடும்போது காற்றுக் கதவு திறந்திருக்கும். என்ஜின் தாராளமாக மூச்சு விடும். வண்டி நிற்கும்போது அந்தக் கதவு ஏறக்குறைய மூடியிருக்கும். நிமிஷத்துக்கு எண்ணூறு சுற்றுப் போல என்ஜின் சுழன்றுகொண்டு, மூடிய கதவின் ஓரத்து இடுக்கு வழியாகக் கொஞ்சங் கொஞ்சமாகக் காற்றை உறிஞ்சுகிறது. கதவுக்கு உள்ளே காற்றின் அழுத்தம் வெளியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். அந்தச் சமயத்தில் எங்கேயாவது ஒரு சிறு துவாரம் இருந்தால் வெளிக்காற்று அதன் வழியாகப் பாய்ந்து வரும்.

அந்தக் காற்று சூடான கம்பியைத் தாண்டி வராததால் கணக்கில் சேராது. ஆயிரம் பேர் சாப்பிடுகிற கல்யாணப் பந்தலில் அழையாத விருந்தாளி இருவர் வந்து இலையில் உட்கார்ந்தால் யாருக்கும் தெரியாது. இருவருக்கு மட்டும் உலை வைத்த வீட்டில் அதே இருவர் வந்து உட்கார்ந்தால் வீட்டுக்கார அம்மாளின் பாடு என்ன ஆகும்? ஓடுகிற என்ஜின் கல்யாணப் பந்தல். நிற்கிற என்ஜின் சின்னக் குடித்தனம். அதனால்தான் அதே துவாரம் ஓடும்போது ஒன்றும் செய்யாமல், நிற்கும்போது மாத்திரம் வண்டியைக் கொன்றுவிடுகிறது. அடுப்பைச் 'சிம்'மில் வைத்தால் ஜன்னல் காற்றுக்கு அணைவதும், பெரிதாக எரியும்போது அதே காற்றுக்கு அசையாததும் அடுக்களையில் எல்லாரும் கண்ட காட்சிதான்.

பாய் என்ஜினைக் கிளப்பச் சொன்னார். இரண்டு முழ நீளமுள்ள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறு முனையை வைத்தியர் மார்பைச் சோதிப்பது போல் குழாய்களின் ஓரமாக நகர்த்தினார். பிறகு ஸ்டியரிங்கின் அடியில் இருந்த சொருகுவாயில் சிறிய ஸ்கானர் ஒன்றை மாட்டினார். "பாருங்கள், சார். நிற்கும்போது மூளை இருபத்திரண்டு சதவிகிதம் பெட்ரோலை அதிகமாக விட்டுப் பார்க்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்து இரண்டாயிரத்து ஐந்நூறு சுற்றுக்குக் கொண்டு போனால் அது நாலு சதவிகிதமாகக் குறைந்துவிடுகிறது. ஐந்துக்குள் இருந்தால் ஆரோக்கியம். நிற்கும்போது மட்டும் இவ்வளவு ஏறினால் எங்கேயோ திருட்டுக் காற்று வருகிறது" என்றார்.

புகைக் குழாயில் இருக்கும் ஒரு ஸென்ஸார் எரிந்த வாயுவை மோப்பம் பார்த்து, ஆக்ஸிஜன் மிச்சமாகிறது என்று மூளைக்குச் சொல்லுமாம். மூளையும் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிச் சமாளிக்கும். ஓர் எல்லைக்குமேல் அதனால் முடியாது. அந்தச் சமயத்தில் ஏர்கண்டிஷனரின் பாரமும் சேர்ந்தால் என்ஜின் கையை விரித்துவிடும்.

பிறகு பாய் என்ஜினின் மேல் மூடியில் இருந்த ஒரு சிறு மூக்கைக் காட்டினார். பழைய கறுப்புக் குழாயில் அதற்கென்று ஒரு கிளை இருந்ததாம். என்ஜினின் வயிற்றில் சேரும் ஆவியை ஒரு வால்வு வழியாக உறிஞ்சி எரித்துவிடுவதற்கும், அதற்குப் பதிலாக அளந்த சுத்தக் காற்றை உள்ளே விடுவதற்கும் அந்த ஏற்பாடு. பளபளக்கும் புதுக் குழாயில் அந்தக் கிளை இல்லை. கடைக்காரர்கள் மூக்கை அப்படியே திறந்து விட்டுவிட்டார்கள். அதன் வழியாக அளவில்லாத காற்று வயிற்றுக்குள் புகுந்து, வால்வைக் கடந்து, நேரே என்ஜினின் வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

பாய் தம் கட்டைவிரலை அந்த மூக்கின்மேல் வைத்து அழுத்தினார். அதுவரை விக்கிக்கொண்டிருந்த என்ஜின் ஒரு கணம் தடுமாறிப் பிறகு சீராகச் சுழல ஆரம்பித்தது. விரலை எடுத்தார், மறுபடியும் நடுங்கிற்று. வைத்தார்; அடங்கிற்று. மருமகன் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். ஊர் முழுவதும் குற்றஞ்சாட்டிய சைலன்ஸர், வண்டி அணைந்த வழக்கில் நிரபராதி என்று விடுதலையாயிற்று. அண்டை வீட்டுக்காரர்கள் தொடுத்த வழக்கு வேறு.

இன்னொரு சிறிய குற்றமும் வெளிப்பட்டது. கூம்பு வடிகட்டியில் அளவுக்கு மேல் பூசியிருந்த எண்ணெய் காற்றோடு பறந்து போய் அந்தச் சூடான கம்பியில் படிந்திருந்தது. எண்ணெய்ப் போர்வை போர்த்துக்கொண்ட கம்பி சரியாகக் குளிராது. ஆகவே காற்றைக் குறைத்துக் கணக்குச் சொல்லும். மூன்றாவதாக, பெட்ரோல் போடும் இடத்தில் திருகிய திருகாணியின்மேல் இருந்த முத்திரை வர்ணம் உடைந்திருந்ததைப் பாய் விரலால் தடவிக் காட்டி, "ஜுரத்துக்கு மருந்து கொடுக்காமல் தர்மாமீட்டரைத் திருத்தியிருக்கிறார்கள்" என்றார்.

வேலை நடந்துகொண்டிருக்கையில் பேச்சு கரி பஸ்ஸுக்குத் திரும்பிற்று. வண்டியின் ஆகாரத்தை மாற்றுகிறவர்கள் அதன் மூச்சையும் கவனிக்க வேண்டும் என்பதற்கு, நம் மாகாணத்தில் அதைக் காட்டிலும் பெரிய பாடம் கிடையாது.

இரண்டாவது மகா யுத்தத்தின் போது, 1941-ம் வருஷத்தில் இந்தியாவில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. 1942-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ரங்கூன் ஜப்பானியர் வசமானதும் பர்மா எண்ணெயும் நின்றது. பர்மா அரிசியும் நின்றது. பஸ்கள் ஓட வேண்டும், பெட்ரோல் இல்லை. அப்பொழுது கைகொடுத்தது அடுப்புக்கரி. மதுரையில் ஸ்ரீ டி. வி. சுந்தரம் ஐயங்கார் தம் பெயரிலேயே ஒரு கரிவாயுக் கருவியை அமைத்துச் செய்து கொடுத்தார். டி. வி. எஸ். காஸ் பிளாண்ட் என்று அதற்குப் பெயர். உருளை வடிவமான இரும்பு அடுப்பில் கரியை நிரப்பி, போதிய காற்றில்லாமல் அரைகுறையாக எரியவிட்டால், கார்பன் மொனாக்ஸைடு என்னும் வாயு உண்டாகும். அதைக் குளிர வைத்து, சாம்பலை வடிகட்டி, என்ஜினுக்கு அனுப்பினார்கள். ஐரோப்பாவில் ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்வீடன் முதலிய நாடுகளிலும் அந்த வருஷங்களில் லக்ஷக்கணக்கான வண்டிகள் விறகிலும் கரியிலும் ஓடின.

பெட்ரோலுக்கென்று பிறந்த என்ஜினுக்கு இந்த வாயு பத்தியச் சாப்பாடு. அதில் பாதியும் அதற்கு மேலும் எரியாத நைட்ரஜன். ஆகவே வண்டியின் பலம் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் குறைந்தது. வாயு மெதுவாக எரிவதால் பொறி அடிக்கும் நேரத்தை முன்னதாகத் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றிலும் பெரிய சங்கடம் வண்டி நிற்கும்போதுதான். என்ஜின் உறிஞ்சுகிற இழுப்பில்தான் அடுப்பு கனன்றுகொண்டிருக்கும். வண்டி ஓரிடத்தில் நின்று என்ஜின் மெதுவாகச் சுழன்றால் இழுப்புக் குறையும். இழுப்புக் குறைந்தால் நெருப்பு ஆறும். நெருப்பு ஆறினால் வாயு கெடும். வாயு கெட்டால் என்ஜின் அணையும். ஆதலால் நின்ற இடத்திலும் என்ஜினைச் சற்று வேகமாகவே ஓட விடுவது வழக்கம். அணைந்துவிட்டாலோ, கிளீனர் இறங்கிக் காற்றாடியைக் கையால் சுற்றி நெருப்பை மூட்ட வேண்டும்.

பாயின் பாட்டனார் காலை நாலு மணிக்கே எழுந்து சாம்பலை வாரி, வடிகட்டியைத் தட்டி, குழாய் இணைப்பு ஒவ்வொன்றிலும் கையை வைத்துப் பார்ப்பாராம். இணைப்பில் துவாரம் இருந்தால் இரண்டு ஆபத்து: என்ஜின் ஓடும்போது வெளிக்காற்று உள்ளே புகுந்து வாயுவைக் கெடுக்கும், நின்ற பிறகு விஷவாயு வெளியே கசியும். கார்பன் மொனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய கொட்டகையில் அது மனிதனைத் தூக்கத்திலேயே கொண்டு போய்விடும். "அவர் இணைப்பைக் கண்ணால் நம்பமாட்டார், சார். கையால்தான் நம்புவார்" என்றார் பாய். காலையில் அந்தக் கட்டைவிரல் எங்கிருந்து வந்தது என்பது அப்போது நமக்கு விளங்கிற்று.

கோயமுத்தூர் ஸ்ரீ ஜி. டி. நாயுடுவின் கதையும் ஞாபகத்துக்கு வந்தது. இளம் வயதில் ஒரு மோட்டார் சைக்கிளைக் கண்டு மோகித்து, அதை வாங்குவதற்காக ஹோட்டலில் பரிமாறும் வேலை பார்த்துப் பணம் சேர்த்தவர் அவர். வண்டி கைக்கு வந்ததும் அதைக் கழற்றிக் கழற்றி மாட்டியே யந்திர வித்தையைக் கற்றுக்கொண்டார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸுடன் தொழிலைத் தொடங்கிப் பெரிய ஸ்தாபனமாக வளர்த்தார். அவரும் வண்டியை அவிழ்த்தவர்தான்; நம் மருமகனும் அவிழ்க்கச் சொன்னவன்தான். ஒருவர் உள்ளே என்ன இருக்கிறது என்று அறிவதற்காக அவிழ்த்தார். இன்னொருவன் தெருவில் உள்ளவர்கள் திரும்பிப் பார்ப்பதற்காக அவிழ்த்தான்.

வண்டியை மாற்றுவதே பாவம் என்று நாம் சொல்ல வரவில்லை. யுத்த காலத்துக் கரி பஸ் தேவையினால் வந்த மாறுதல். அதைச் செய்தவர்கள் அதன் கஷ்டங்களையும் அறிந்து செய்தார்கள். இன்றைக்கும் அங்கீகாரம் பெற்ற காஸ் கருவியை முறைப்படி பொருத்திப் பதிவுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வதற்கும், அங்கஹீனர்களுக்காக வண்டியைத் தக்கபடி அமைப்பதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. மற்றபடி, 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்தவர்கள் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ம் வருஷம் ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அவ்வருஷமே செய்த திருத்தத்தின்படி, அநுமதியில்லாத மாறுதல் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரையில் சிறைவாசம், அல்லது இரண்டும் விதிக்கலாம். இதைச் சொன்னதும் மருமகன் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தான்.

பாய் சொன்ன வைத்தியம் எளியது: பழைய பெட்டியையும் பழைய குழாயையும் கொண்டுவந்து மாட்டிவிட வேண்டியது. குழாய் சாக்கு மூட்டையில் கிடந்தது. பெட்டியைக் காணோம். வீடு முழுவதும் தேடியபின், அதன் கீழ்ப்பாதி மொட்டை மாடியில் அகப்பட்டது. தமக்கையார் அதில் மண்ணைக் கொட்டித் துளசி வைத்திருந்தார். கன்று நன்றாகத் தழைத்திருந்தது. அதை மண் தொட்டிக்கு மாற்றி, பெட்டியைக் கழுவி, வெயிலில் காயவைத்துப் பட்டறைக்கு எடுத்துப் போனோம்.

பாய் மேல் மூடியின் மூக்கைப் பழைய கிளையோடு இணைத்தார். சூடான கம்பியைத் துணியால் தொடாமல், அதற்கென்று விற்கும் திரவத்தைத் தெளித்துக் கழுவி உலரவிட்டார். திருகாணியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். மூளையில் பதிந்திருந்த பழைய கணக்கை அழித்து, என்ஜினைப் புதிதாகக் கணக்குப் போட்டுக்கொள்ளும்படி கொஞ்ச நேரம் சும்மா ஓட விட்டார். ஸ்கானர் மூன்று சதவிகிதம் காட்டிற்று. பழைய சைலன்ஸரும் ஏறிற்று. மொத்தக் கூலி தொள்ளாயிரம் ரூபாய். கெடுப்பதற்கு இருபத்தெட்டாயிரம், சீர்படுத்துவதற்குத் தொள்ளாயிரம் என்கிற விகிதம் உலகத்தில் எல்லாக் காரியங்களுக்கும் கிடைத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

கார் வைத்திருக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. ஓடுகிற வண்டியில் என்ஜின் அணைந்துவிட்டால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கலாகாது. பிரேக்குக்கு உதவும் வெற்றிட சக்தி என்ஜினின் உறிஞ்சலிலிருந்தே கிடைக்கிறது. அணைந்த பிறகு ஓரிரண்டு மிதிக்குத்தான் அது சேமிப்பில் இருக்கும். ஆகவே ஒரே தடவையாக அழுத்தி மிதித்து, அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்டியரிங் கனக்கும்; ஆனாலும் பலமாகத் திருப்பினால் திரும்பும். வண்டி நிற்கிற வரையில் சாவியை வெளியே எடுக்கக் கூடாது; எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பின்னால் வருகிறவர்களுக்கு எச்சரிக்கை விளக்கைப் போடவும். மறுநாள் 'ஏதோ தூசியாயிருக்கும்' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் பட்டறைக்குப் போகவும்.

நாம் சுயராஜ்யம் அடைந்து எழுபத்தைந்து வருஷங்களுக்கு மேலாகிவிட்டது. ஆயினும் நம் வீட்டில் உள்ள யந்திரங்களில் எத்தனையின்மேல் நமக்குச் சுயராஜ்யம் இருக்கிறது? மூடியைத் திறக்கவும் பயப்படுகிறோம். அல்லது எதையும் அறியாமல் யாரிடமோ கொடுத்து மாற்றச் சொல்லுகிறோம். வாங்கிய பொருளைப் பழுது பார்த்துக்கொள்ளும் உரிமையைப் பற்றி ஆராய 2022-ம் வருஷம் ஜூலை மாதத்தில் மத்திய அரசாங்கத்தின் நுகர்வோர் விவகார இலாகா ஒரு குழுவை நியமித்தது. அதன் கவனத்துக்கு வந்த துறைகளில் மோட்டார் வண்டியும் ஒன்று. நல்ல காரியந்தான். ஆனால் உரிமை வந்தால் மட்டும் போதுமா? பாயின் பட்டறையில் கற்றுக்கொள்ள இப்போது ஒரு பையன்கூட இல்லை. அவருடைய பிள்ளைகள் வெளியூரில் உத்தியோகம் பார்க்கிறார்கள். கட்டைவிரலால் வியாதியைக் கண்டுபிடிக்கும் கல்வி இவரோடு முடிந்துவிடுமோ என்று நினைத்தபோது நமக்கு வருத்தமாயிருந்தது.

இப்பொழுது ஒரு சமாசாரம் சொல்லி முடிக்கிறோம். மருமகன் ஞாயிற்றுக்கிழமைகளில் பாயின் பட்டறைக்குப் போகிறான். முதலில் வண்டியைக் கழுவப் போவதாகச் சொன்னான். பிறகு கையெல்லாம் கிரீஸோடு திரும்பி வந்தான். அவனுடைய நண்பர்கள், "வண்டி மறுபடியும் தையல் மிஷினாகிவிட்டதே!" என்று பரிகாசம் செய்தார்களாம். "ஆமாம், நன்றாகத் தைக்கிற மிஷின்" என்று பதில் சொன்னானாம்.

வேலூருக்குப் போகவேண்டிய அடுத்த நாள் வந்தது. தமக்கையார் பஸ் நிலையத்துக்குப் போவதற்காகப் பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். மருமகன் வாசலில் வண்டியைக் கிளப்பி, நியூட்ரலில் விட்டுவிட்டு உள்ளே வந்தான். "அம்மா, வெளியே வந்து ஒரு நிமிஷம் நின்று பார்" என்றான். அவர் திண்ணையில் வந்து நின்றார். தெருவில் காகம் கரைவதும், பால்காரர் பேசுவதும் தெளிவாகக் கேட்டன. "என்னடா பார்க்கச் சொல்கிறாய்? வண்டியைக் கிளப்பவேயில்லையே!" என்றார்.

"கிளப்பி ஐந்து நிமிஷம் ஆயிற்று, அம்மா" என்றான் மருமகன்.

தமக்கையார் வண்டியின் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.